நூற்றுப் பதினாலாம் நம்பர் முருகன்

அத்தியாயம் 11

சடசடவென்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் வெடித்தது.

சிவகாசியில் காலை எட்டே முக்காலுக்கு வெடிச் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை. வாசலுக்கு ஓடி வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். கற்பகவல்லியும் தோசைக் கரண்டியோடு ஓடி வந்து நின்றாள். தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள். பட்டாசு ஆலைகள் இருக்கும் நாரணாபுரம் பக்கம் வானம் சுத்தமாக இருந்தது. வெம்பக்கோட்டை பக்கமும் சுத்தம்.

புகை எழும்பியது இரண்டு தெரு தள்ளி, காலண்டர் கம்பெனி வாசலில்.

“பத்தாயிரம் வாலா. வேற யாரு, நம்ம சின்ன முதலாளிதான்” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் அவள் கணவர் நவநீதகிருஷ்ணன். தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. மருந்து வெடித்துச் செத்தவர்கள் வீட்டுக்கு வருஷம் தவறாமல் துக்கம் கேட்கப் போகிற ஊரில், காலையில் பட்டாசைக் கொளுத்தி வேலையை ஆரம்பிக்கிற ஆளைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயில் தோசை இருந்ததால் சொல்லவில்லை.

சின்ன முதலாளி விக்னேஷ்குமார் வெளியூரில் படித்துவிட்டு வந்தவன். ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷத்து மாதிரிப் படங்கள் அடங்கிய காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்ட கையோடு, ஹாலில் ஒரு வெள்ளை போர்டை மாட்டினான். ஒன்பது சேல்ஸ்மேன்களின் பெயரையும் எழுதினான். ஆடி கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் கணக்கில் அதிகக் காலண்டர் ஆர்டரோ அவருக்கு ஒரு புல்லட் வண்டி. யார் கணக்கில் குறைவோ அவருக்கு ஆவணி முதல் தேதியிலிருந்து வேலை கிடையாது. அதோடு ஆளுக்கு ஒரு ஊர் என்கிற லைன் இனி இல்லை. யாரும் எந்த ஊருக்கும் போகலாம். நவநீதகிருஷ்ணன் இருபத்தேழு வருஷம் நடந்து உண்டாக்கிய விருதுநகர் லைன் அந்த ஒரு வார்த்தையில் போனது.

இன்றுதான் ஆடி கடைசி நாள். கடைசி வெள்ளியும் கூட.

நேற்று ராத்திரி வரை போர்டில் எட்டாவது பெயர் நவநீதகிருஷ்ணன். ஒன்பதாவது பெயர் அவர் மருமகன் முனியராஜ்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, போர்டில் கடைசி இரண்டு இடம். இரண்டு வாரமாக மாமனாரின் ஆல்பம் பீரோவுக்குள்ளும் மருமகனின் ஆல்பம் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்துகொண்டிருந்தன. ஒருவர் பேருந்து ஏறிய பிறகுதான் இன்னொருவர் செருப்பு மாட்டுவார். இவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்பகவல்லிக்கும் மகள் பிரீத்திக்கும் அலுத்துவிட்டது.

பிரீத்தி செல்போனைக் காதிலிருந்து இறக்கினாள். அவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

“அது ஒங்க மாப்ளதான்ப்பா வெடிச்சது. பெரிய ஆர்டராம். யாரு ஆர்டர் கொண்டாந்தாகளோ அவுகளேதான் திரியைப் பத்த வைக்கணும்னு சட்டம் போட்டிருக்காராம் ஒங்க சின்ன முதலாளி. இவரு தன் காதைப் பத்திச் சொல்லியும் கேக்கலையாம்.”

முனியராஜ் இரண்டு வருஷத்துக்கு முன்புவரை ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்குப் போர்மேன். ஒரு பங்குனி மத்தியானம் பக்கத்து அறை வெடித்துப் போனது. இவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் தப்பித்தான். வலது காதில் மட்டும் அந்தச் சத்தம் இன்னும் ஓயவில்லை. காகிதம் வெடிக்காது என்று சொல்லி, பெரிய முதலாளி காலில் விழாத குறையாக அவனைக் காலண்டர் கம்பெனியில் சேர்த்துவிட்டவரே நவநீதகிருஷ்ணன்தான்.

“எந்தப் பார்ட்டி? எம்புட்டு?” என்றார் அவர்.

“நாலாயிரம். விருதுநகர் மாமாவாம்.”

நவநீதகிருஷ்ணனின் கை தட்டிலேயே நின்றது.

விருதுநகர் மாமா என்றால் பாண்டிராஜ், கற்பகவல்லியின் உடன்பிறந்த தம்பி. பஜாரில் பருப்பு மில்லும் அதன் முன்பக்கம் கடையும் வைத்திருக்கிறார். அவர் இந்த வீட்டு வாசற்படி மிதித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. பிரீத்தி பெரிய மனுஷி ஆன சடங்கில், சீர்த் தட்டோடு தாய்மாமன் பந்தலில் நின்றுகொண்டிருக்கும்போது, நவநீதகிருஷ்ணன் முதல் மாலையைத் தூக்கி எண்ணெய்க் கடை கண்ணுச்சாமி கழுத்தில் போட்டுவிட்டார். கண்ணுச்சாமி ஐயாயிரம் காலண்டர் பார்ட்டி. பாண்டிராஜின் கடைக்கு எதிர்க் கடை. மாமன் தட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து அக்காளோடு மட்டும் எப்போதாவது போனில் பேச்சு.

“பதினோரு வருஷமா எனக்கு ஒரு தாள் குடுக்காதவன், நேத்து வந்தவனுக்கு நாலாயிரம் குடுக்கானாக்கும்” என்றார். அவரே கணக்குப் போட்டுப் பார்த்துச் சமாதானமானார். இந்த ஆர்டரால் மருமகன் எட்டுக்கு ஏறி, தான் ஒன்பதுக்கு இறங்கியிருக்கிறார். இறங்கட்டும். கண்ணுச்சாமி ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்ட பிறகுதான் வருஷத்து ஆர்டரில் கையெழுத்துப் போடுவார். பத்தொன்பது வருஷமாக இதே நாள், இதே ஐயாயிரம், இதே திருச்செந்தூர் முருகன் படம். ஐயாயிரம் ஏறினால் மாமனார் மறுபடி மேலே.

அதைச் சொன்னபோது கற்பகவல்லி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்க முந்திட்டா மாப்ள என்ன செய்வாக?”

“வயசுப் பிள்ளை. எங்கன போயும் பொழைச்சுக்குவாரு. எனக்கு அம்பத்தாறு. இனிமே என்னைய எவன் சேப்பான்?”

வெம்பக்கோட்டை ஆலையிலிருந்து மருந்து கலக்கப் போர்மேன் வேண்டும் என்று இந்த வாரத்தில் இரண்டு தடவை மாப்பிள்ளைக்குப் போன் வந்ததை அவள் சொன்னாள். அதெல்லாம் போகமாட்டார் என்று அவர் கையைக் கழுவினார். தோசை தீய்கிற வாசம் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி வாசல் முழுக்கச் சிவப்புக் காகிதம். ஆர்டர் பாரம் வாங்க உள்ளே போன நவநீதகிருஷ்ணனை முதலில் பிடித்தவன் ஜெயபாண்டி. போர்டில் முதல் பெயர் அவனுடையது. புல்லட் சாவி கைக்கு வந்துவிட்டது போலவே விரலைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஒங்க வீட்டுல சோறு மொதல்ல எட்டாம் நம்பருக்கா, ஒம்பதாம் நம்பருக்கா?”

“முந்தி வாரவுகளுக்கு. நீ வந்தா ஒனக்கும் உண்டு.”

“நான் வந்தா ஆல்பத்தை எங்கன ஒளிச்சு வைக்க?”

ஹாலில் சிரிப்பு. முனியராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மூலையில் வலது காதை உள்ளங்கையால் அழுத்தியபடி நின்றிருந்தான். மாமனாரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். அவர் போர்டைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

விக்னேஷ்குமார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து அவர் தோளில் கை போட்டான். அவனுடைய சின்ன வயதுப் பிறந்தநாளுக்கு இவர் மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இவன் இவரை அங்கிள் என்கிறான். ஒரே குடும்பத்துக்குள் போட்டி வந்தால் இரண்டு பேரும் நன்றாக ஓடுவார்கள் என்று தனக்குத் தெரியும் என்றும், ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றும் சொன்னான். நேரம் இருப்பது கடிகாரத்திலேயே தெரிகிறது என்று இவர் சொல்ல நினைத்து, பாரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இருக்கன்குடிக்குப் போன பேருந்தில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் துணியும் வேப்பிலையும் சேவலுமாக ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. காலண்டர் ஆல்பம் என்பது கையடக்கமான பொருள் அல்ல. நூற்று நாற்பது படத்தையும் அட்டையோடு சேர்த்துக் கட்டினால் ஒரு சின்னப் பிள்ளை கனம் இருக்கும். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி சாத்தூர் தாண்டினார்.

கண்ணுச்சாமி கோயிலுக்குப் போகும்போது செல்போனைக் கடையில் வைத்துவிட்டுப் போகிறவர். ஆகவே அந்தக் கூட்டத்தில் கண்ணால்தான் தேட வேண்டும். ஆற்று மணலில் தார்ப்பாயும் சேலையுமாக ஆயிரம் பந்தல். பந்தலுக்குப் பந்தல் பொங்கல் பானை. இவர் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். ஒரு கிழவி பை விலகித் தெரிந்த மாரியம்மன் படத்தைப் பார்த்து, அது என்ன விலை என்று கேட்டாள். இது விற்பதற்கில்லை என்றதும், விற்காத படத்தைத் திருவிழாவுக்கு எதற்குத் தூக்கி வந்தாய் என்று சண்டைக்கு வந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. மணல் செருப்புக்குள் புகுந்து சுட்டது.

ஒன்றரை மணிக்கு, மூன்றாவது தடவையாகத் தாண்டிப் போன ஒரு பந்தலிலிருந்து குரல் வந்தது.

“நவநீதம், என்னையத் தாண்டித் தாண்டி எங்கன போறீரு?”

கண்ணுச்சாமி மொட்டை போட்டிருந்தார். மீசையும் இல்லை. தலை முழுக்கச் சந்தனம். பத்தொன்பது வருஷப் பழக்கம் இருந்தும் குரல் வரும்வரை அடையாளம் தெரியவில்லை. பேரனுக்கு நேர்ந்த மொட்டையைப் பேரன் கத்தினதால் தான் போட்டுக்கொண்டதாகச் சொல்லி அவர் சிரித்தார். இலை போட்டுப் பொங்கல் வைக்கச் சொன்னார். ஆர்டர் எங்கே போகப்போகிறது, முதலில் சாப்பிடும் என்றார்.

சாப்பிட்டார்கள். கண்ணுச்சாமி கையைத் துடைத்துப் பாரத்தை வாங்கி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, ஐயாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நவநீதகிருஷ்ணனுக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த முத்துமாரி எடுத்தாள்.

“எழுதிக்கம்மா. விருதுநகர், கண்ணுச்சாமி எண்ணெய்க் கடை, அஞ்சாயிரம். படம் நூத்திப் பதினாலு.”

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம்.

“அண்ணாச்சி, விருதுநகருக்கு நூத்திப் பதினாலு காலையிலயே போயிருச்சு. பாண்டிராஜ் பருப்பு மில்.”

காலண்டர் தொழிலில் இது ஒன்றுதான் சத்தியம்: ஒரு ஊரில் ஒரு படம் ஒரு கடைக்குத்தான். எதிர்க் கடையில் அதே சாமி தொங்கினால் கடைக்காரர் காலண்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார். முன்பெல்லாம் ஆல்பம் வந்த அன்றே, கண்ணுச்சாமிக்கு முருகன் என்று நவநீதகிருஷ்ணன் வாயால் சொன்னால் போதும். அந்தப் படத்தை யாரும் தொடமாட்டார்கள். இந்த வருஷம் கையெழுத்து இல்லாமல் படத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது சின்ன முதலாளியின் உத்தரவு.

கண்ணுச்சாமிக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னார். நூற்றுப் பதினைந்து மயிலோடு இருக்கும் முருகன், இன்னும் அழகு என்றார். பழனி முருகன் இருக்கிறார் என்றார். ஆல்பத்தை மணலில் விரித்துப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். கண்ணுச்சாமி ஒரு படத்தையும் பார்க்கவில்லை. இவரிடம் வருவதற்கு முன்பு ஒரு தடவை லட்சுமி படத்துக்கு மாறிய வருஷம்தான் குடோனுக்குள் தண்ணீர் வந்தது என்றார். அது எல்லோர் குடோனிலும் வந்த தண்ணீர் என்று இவர் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை.

“எதுத்த கடையில என் முருகன் தொங்குவாரு. நான் கல்லாவுல உக்காந்து அவரைப் பாத்துக்கிட்டே யாவாரம் பண்ணணும், அப்படித்தானே” என்றார் கண்ணுச்சாமி. கோபத்தைவிட அலுப்புதான் அதில் அதிகம். “அன்னைக்குச் சடங்கு வீட்டுல எனக்கு மொத மாலை போட்டீரு. ஒம்ம மச்சினன் மறக்கல. நான் வேற கம்பெனியில எழுதிக்கிறேன்.”

பாரத்தைத் திருப்பி வாங்கி, மடித்து, தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

நவநீதகிருஷ்ணன் விக்னேஷ்குமாருக்குப் போன் செய்தார். அவன் பொறுமையாகவே கேட்டான். சிஸ்டத்தில் ஏறினதை எடுக்க முடியாது என்றான். எடுத்தால் உங்கள் மருமகன்தானே அங்கிள் பாதிக்கப்படுவார் என்றும் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான் என்பது இவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும் பேருந்து சாத்தூர் கூட்டத்தில் அசையாமல் நின்றபோது ஐந்து மணி ஆனது. வாட்ஸ்அப்பில் போர்டின் படம் வந்தது. முதல் பெயருக்குப் பக்கத்தில் புல்லட் வண்டி. ஒன்பதாவது பெயருக்குப் பக்கத்தில் கும்பிடும் கைகள். கீழே ஒரு வரி: நாளைக் காலை பத்து மணிக்கு வந்து ஆல்பத்தை ஒப்படைக்கவும்.

வீட்டுக்கு வரும்போது ஆறு ஆகியிருந்தது. முனியராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். ஜெயித்த முகமாக இல்லை. மாமனாரைக் கண்டதும் எழுந்து நின்றான். நவநீதகிருஷ்ணன் ஆல்பத்தைத் தரையில் போட்டார்.

“நல்லா இருக்கு மாப்ள. ஒங்களை இந்தத் தொழிலுக்குக் கூட்டிட்டு வந்தது நானு. ஆல்பத்தை எப்படிப் புரட்டணும்னு சொல்லிக் குடுத்ததும் நானு. கண்ணுச்சாமிக்கு என்ன படம்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்றான் முனியராஜ். தெரிந்ததால்தான் வேறு படம் எடுங்கள் என்று பாண்டிராஜ் மாமாவிடம் அரை மணி நேரம் மன்றாடியதாகச் சொன்னான். காலையில் ஹாலில் அதைச் சொல்லத்தான் வந்தேன், நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள் என்றான். பிரீத்தி அப்பாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு வாரமாக இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்த் தூது போய் அவளுக்குப் பேச்சே வெறுத்திருந்தது.

“என்னைய வரச் சொல்லி அவுகளாத்தான் போன் போட்டாக மாமா” என்றான் முனியராஜ். “எனக்காகக் குடுத்த ஆர்டர்னு நெனச்சு, கூறுகெட்டவன், காலையில வெடியும் பத்த வச்சேன். பெறகு யோசிச்சாத்தான் ஒண்ணு இடிக்கி. அவுக ஆல்பத்தைப் பிரிக்கவே விடல. நான் செருப்பைக் கழத்தும்போதே சொல்லிட்டாக, நூத்திப் பதினாலு, நாலாயிரம்னு.”

“பிரிக்காம எப்படிச் சொல்லுவான்?”

“அதைத்தான் நானும் கேக்கேன்.”

நவநீதகிருஷ்ணன் தரையில் கிடந்த ஆல்பத்தைப் பார்த்தார். ஆல்பத்தில் நம்பர் வருஷத்துக்கு வருஷம் மாறும். திருச்செந்தூர் முருகன் போன வருஷம் எண்பத்தேழு. நூற்றுப் பதினாலு என்பது ஆடிப் பெருக்குக்குப் பிறகு ஆல்பத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும். பாண்டிராஜ் இதுவரை எந்தச் சேல்ஸ்மேனையும் கடைக்குள் விட்டதில்லை. பாண்டிராஜோடு பேச்சு வார்த்தை உள்ள வீட்டில் தங்கின ஆல்பம் இரண்டுதான். பீரோவுக்குள் ஒன்று. கட்டிலுக்கு அடியில் ஒன்று.

பிரீத்தி மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதைப் பார்த்து மற்ற இருவரும் திரும்பினார்கள்.

கற்பகவல்லி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலையில் நின்றாள். கணவரை நேராகப் பார்த்தாள்.

“என் தம்பிக்கு நம்பரைச் சொன்னது நான்தான். நீங்க தோத்தா வீட்டுல இருப்பீக, மாப்ள தோத்தா மருந்து ரூமுக்குப் போயிருவாக.”